மலை பார்க்க ஒரு விண்ணப்பம்

காரைக்கால் நகரும் இல்லச் சுற்றுலாக் கழகத்தில் ஊழியர்கள் பதினொரு பேர். வண்டி ஒன்று.

அந்த ஒரு வண்டி வந்து மூன்று வருடமாகிறது. உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிப்பறை, ஆளுயர ஜன்னல் என்று ஒரு சின்ன வீடே சக்கரத்தின் மேல் ஏறி நிற்கும். புதுச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து அது தானாக ஓடி வரவில்லை. நடுவில் தமிழ்நாடு குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டு ரோட்டில் ஓட வண்டிக்கு அனுமதிச் சீட்டு இல்லை, லாரிக்கு இருந்தது. ஆகவே லாரியின் முதுகில் ஏறி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கியது. இறங்கிய நாளிலிருந்து அலுவலகத்தை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். ஓடிய தூரம் காட்டும் மீட்டரில் பதினொரு கிலோமீட்டர் இருந்தது. அதில் ஒன்பது, தொழிற்சாலைக்காரர்கள் ஓட்டிப் பார்த்தது.

இந்தக் கழகத்துக்குள் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை முகைதீன் பிச்சை நுழைந்தார்.

"வாங்க பாய். பத்திர ஆபீஸ் அடுத்த கட்டடம்," என்றார் எழுத்தர் அமுதம், தலையைத் தூக்காமலே. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வழி கேட்கத்தான் வருவார்கள்.

"பத்திரம் இல்லம்மா. வண்டி வாடகைக்கு வேணும்."

அமுதம் தலையைத் தூக்கினார். பக்கத்து மேஜையில் ஸ்டாப்ளர் சத்தம் நின்றது. யாரோ ஒருவர் எழுந்து போய், காதில் சரியாக விழட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார்.

"எந்த வண்டி பாய்?"

"இந்தா, கொட்டாயில நிக்குதே, அதுதான்."

"அதையா?" என்றார் அமுதம். "அது நம்ம ஆபீஸ் வண்டியாச்சே!"

முகைதீன் பிச்சைக்கு வயது அறுபத்தாறு. மஸ்கட்டில் ஓர் அரபி வீட்டில் இருபத்தாறு வருடம் டிரைவர். அந்த வீட்டில் இதைவிடப் பெரிய வண்டி இருந்தது. விடுமுறை வந்தால் அரபியையும் அவர் மனைவியையும் எட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு ஓட்டிப் போவார். போய்வந்த கதையைக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவார். காரைக்காலில் அவர் மனைவி ஆஸியா பீவி அதை டேப்ரிக்கார்டரில் போட்டுக் கேட்டுவிட்டு, பதில் கேசட் அனுப்புவாள்: "மலை மலைங்கிறீங்க. நான் பொறந்ததுலேர்ந்து பாத்த ஒசரம் வரப்புதான். இப்ப நம்ம தெருவுல ஸ்பீட் பிரேக்கர் போட்டுருக்காங்க. அது ரெண்டாவது."

அவள் சொன்னதில் மிகை இல்லை. காரைக்காலில் நின்று கிழக்கே பார்த்தால் கடல். மற்ற மூன்று பக்கமும் வயல். எந்தத் திசையிலும் தரை எழுந்து நிற்காது. அடுத்த லீவில் மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொல்வார். ஒரு லீவில் வீட்டுக்குக் கூரை மாற்றினார். ஒரு லீவில் மகள் ரிஃபானாவின் நிக்காஹ். ஊரோடு வந்து எட்டு வருடம் ஆகியும் அந்த அடுத்த லீவு மட்டும் வரவில்லை.

இந்த வருடம் ஆஸியாவின் முதுகெலும்பில் புற்று என்றார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. அரைமணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும். "மழைக்காலம் வரைக்கும்," என்றார் டாக்டர். அதற்கப்புறம் என்று முகைதீன் பிச்சை கேட்டபோது, டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார்.

"ஒரே ஒரு மலையப் பாத்துட்டாப் போதுங்க," என்றாள் ஆஸியா. "ஏறல்லாம் வேணாம். கீழ இருந்து அண்ணாந்து பாக்கறேன்."

ஆம்புலன்ஸ் பேசலாம் என்று ரிஃபானா சொன்னதற்கு, "ஆம்புலன்ஸ் எங்க போவும்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது மலைக்குப் போவாது," என்று மறுத்துவிட்டாள். சென்னையில் இப்படி வண்டி விடும் கம்பெனிக்கு முகைதீன் பிச்சை போன் பண்ணினார். காரைக்கால் என்றதும், "அது வேற ஸ்டேட் சார்" என்று வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கொட்டகையில் நின்ற வண்டிதான்.

விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கட்டம். பயண நோக்கம் என்ற கட்டத்தில் அவர் 'மலை பார்க்க' என்று எழுதினார்.

"எந்த மலை பாய்?" என்றார் அமுதம்.

"எதா இருந்தாலும் சரிம்மா."

"அப்புடி எழுத முடியாது பாய். மலைக்குப் பேர் வேணும், ஒசரம் வேணும், எத்தனை மணி நேரம் பாப்பீங்கன்னு வேணும்."

திண்டுக்கல் பக்கம் சிறுமலை என்று போட்டார். அடிவாரம் வரைக்கும் வண்டி போகும். படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அவளுக்குப் போதும் என்கிற வரை' என்று எழுதினார். அமுதம் அதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று திருத்தினார்.

மேலாளர் நவநீதன் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜை மேல் ஒரு கேடயம் இருந்தது.

"பாய், மூணு வருசத்துல நம்ம கழகத்துல ஒரு விபத்து கெடயாது. ஒரு புகார் கெடயாது. ஒரு பயணி பொருளைத் தொலைச்சேன்னு வந்து நின்னது கெடயாது. வேற எந்தச் சுற்றுலாக் கழகமாவது இப்புடி மாரைத் தட்டிச் சொல்ல முடியுமா? இது பராமரிப்புக்காகப் போன வருசம் குடுத்த கேடயம். டயர்ல ஒரு கீறல்கூட இல்லைன்னு மேடையிலேயே பாராட்டினாங்க. இந்தப் பேர நீங்க வந்து கெடுத்துடக் கூடாது பாருங்க."

"கெடுக்க மாட்டேன் சார். நானே இந்த மாதிரி வண்டி ஓட்டினவன்தான்."

"அதான் எனக்குக் கவலையா இருக்கு," என்றார் நவநீதன். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார். "கூட வர்றவங்க நோயாளியா? பாய், இது சந்தோஷத்துக்காக விட்ட வண்டி. நாளைக்கு வண்டியில ஒருத்தர் அழுதுட்டாங்கன்னா யாரு பதில் சொல்றது? உடம்பு சந்தோஷப்படத் தகுதியா இருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துருங்க. விதி பதினாலு."

டாக்டர் அந்தப் படிவத்தை இரண்டு முறை படித்தார். "அவங்க சிரிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"என்னையப் பாத்தா சிரிப்பா சார்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். கீழே, 'மேற்படி தகுதி எவ்வளவு காலம் நீடிக்கும்' என்று இன்னொரு வரி இருந்தது. குறைந்தது ஒரு வருடமாவது இருந்தால்தான் செல்லும் என்று அடைப்புக்குறிக்குள் அச்சடித்திருந்தது. டாக்டர் 'ஒரு வருடம்' என்று எழுதினார். வீட்டுக்குப் போகிற வழியில் முகைதீன் பிச்சை ஸ்கூட்டரை நாலு இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு வருடத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

ஜூலையில் பயணிகள் பயிற்சி முகாம். மூன்று நாள். பயணி ஒருவர்தான் என்பதால் முதல் வரிசையில் அவரை உட்கார வைத்துவிட்டு, பின்வரிசைகளை ஊழியர்கள் நிரப்பினார்கள். பயிற்சியாளர் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். அது எந்தக் குளிர் தேசத்திலோ அச்சான புத்தகத்தின் தமிழாக்கம். கட்டிலில் படுப்பது எப்படி, குழாயைத் திருகுவது எப்படி என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்ச இரண்டரை நாளும் பனிப்பொழிவு.

"சார், நம்ம வண்டியில அந்தச் சங்கிலியெல்லாம் இருக்கா?" என்று முகைதீன் பிச்சை எழுந்து கேட்டார். பனியில் சக்கரம் வழுக்காமலிருக்கச் சுற்றும் சங்கிலியைத்தான் அரை நாளாகப் படித்துக்கொண்டிருந்தார் பயிற்சியாளர்.

"இருக்குங்க. ஆனா வெளிய எடுக்க முடியாது. துருப்பிடிச்சுரும். மேலாளர் ரூம் பீரோவுல பூட்டி வச்சிருக்கோம்."

கடைசியில் தேர்வு வைத்தார்கள். ஒரே கேள்வி: 'இரவில் பனி மூடி வண்டியின் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?' காரைக்காலில் பனி பெய்யாது என்று அவர் எழுதினார். தோற்றுவிட்டார். மறுதேர்வு பதினெட்டு நாள் கழித்து. அந்தப் பதினெட்டு நாளில், சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்துகொண்டிருந்த ஆஸியா, ரிஃபானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். மறுதேர்வில் அவர், உதவி வரும் வரை அமைதியாக உள்ளேயே காத்திருப்போம் என்று எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினார்.

ஆகஸ்டில் வீட்டை ஆய்வு செய்ய வந்தார்கள். நகரும் இல்லம் கேட்கிறவருக்கு நகராத இல்லம் ஒன்று இருக்கிறதா என்று கழகம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியிலேயே குடியேறிவிடுவார். நவநீதன் தலைமையில் ஐந்து பேர். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து, வீட்டுக்கு அடியில் சக்கரம் இல்லை என்று குறித்துக்கொண்டார். ரிஃபானா எல்லோருக்கும் டீயும் சமோசாவும் கொடுத்தாள்.

ஆஸியா பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்திருந்தாள். நவநீதன் அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உங்களை மாதிரி ஒரு அம்மாவுக்குச் சேவை செய்யறதுதாம்மா எங்களுக்குப் பெருமை. எங்களுக்கு இருக்குற ஒரே பயம் என்னன்னா, வண்டி எடுத்துட்டுப் போறவங்க திரும்பி வராம இருந்துட்டா? அதுக்குத்தான் இந்த உறுதிமொழி. பெரிசா ஒண்ணும் இல்ல. பயணம் முடிஞ்சு கண்டிப்பாத் திரும்பி வந்துருவேன்னு ரெண்டு பேரும் தனித்தனியாக் கையெழுத்துப் போடணும்."

ஆஸியா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நானும் போடணுமா?"

"நீங்கதாம்மா முக்கியம்."

"எங்க போனாலும் திரும்பி வந்துரணும், அப்புடித்தானே?"

"அப்புடித்தாம்மா."

"எங்க ஊட்டுக்காரரு இருபத்தாறு வருசம் கடல் தாண்டிப் போனாரு. அவருகிட்ட இப்புடி ஒண்ணு எழுதி வாங்கணும்னு எனக்குத் தோணல பாருங்க." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு ரிஃபானா பிடித்துக்கொள்ள, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டாள். ஆய்வுக் குழு போன பிறகு, "ஏங்க, பொய்க் கையெழுத்துப் போட்டா அல்லா கேப்பானா?" என்றாள். முகைதீன் பிச்சை டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். ஐந்து கிளாஸ் கழுவ அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

கோப்பு புதுச்சேரிக்குப் போனது. செப்டம்பர் முழுக்க அது அங்கே இருந்தது. தினமும் காலையில் அவர் கழகத்துக்குப் போவார். "இன்னிக்குக் கீழ் மாடியிலேர்ந்து மேல் மாடிக்கு ஏறிருச்சு பாய்," என்பார் அமுதம். மறுநாள், "ஒரு சந்தேகம்னு கீழ அனுப்பிட்டாங்க பாய்," என்பார். முகைதீன் பிச்சை வீட்டுக்கு வந்து, "கிட்டத்தட்ட ஆயிருச்சு," என்பார். ஆஸியா இப்போது படுக்கையை விட்டு எழுவதில்லை. "உங்க கோப்பு ஏறி எறங்குற ஒசரத்துக்கு நான் ஒரு மலையே ஏறிருப்பேன்," என்றாள்.

அக்டோபர் முதல் வாரம் உத்தரவு வந்தது. கழகத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். முகைதீன் பிச்சைக்கு இரண்டு. அவர் அதை வாயில் வைத்த பிறகுதான் அமுதம் உத்தரவைப் படித்துக் காட்டினார். பயணம் அனுமதிக்கப்படுகிறது. கழகத்தின் வண்டி மாவட்டத்தின் சொத்து என்பதால், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. திட்டப்படி ஒரு நாள் பயணம் இருநூற்று ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது.

"அம்மா," என்றார் முகைதீன் பிச்சை, "நம்ம மாவட்டம் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்குமா?"

"நானும் அதத்தான் பாய் கணக்குப் போட்டேன்." அமுதம் ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். அவர் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்தே பேசினார். "தெக்க வாஞ்சூர், வடக்க பூவம். போய்ட்டு வந்தா முப்பத்தாறு. ஏழு சுத்துப் போனா எரநூத்தி அம்பத்திரண்டு. ரெண்டு கிலோமீட்டர் கூடவே வருது."

நவநீதன் அறையிலிருந்து வெளியே வந்து அவர் தோளில் கை வைத்தார். "மனசு விட்டுராதீங்க பாய். மாவட்டத்துக்குள்ள மலை இருந்தாத் தாராளமாப் பாருங்க. ரெண்டு மணி நேரம் இல்ல, நாலு மணி நேரம்கூடப் பாருங்க. அதுக்கு நான் குறுக்க நிக்கவே மாட்டேன்."

அன்று சாயங்காலம் ரிஃபானா வாசலிலேயே அவரை மறித்தாள். "வாப்பா, உம்மாகிட்ட என்ன சொல்றது?"

"மலைக்குப் போறோம்னு சொல்லு."

"பொய்யா?"

"டிரைவர்கிட்டப் பேசிப் பாக்கறேன். வாஞ்சூரத் தாண்டிட்டா நாகூரு. அப்புறம் நம்மள யாரு தேடப் போறா."

பயண நாளன்று காலை எட்டு மணிக்கே ஆஸியாவைக் கட்டிலோடு தூக்கி வந்து வண்டிக்குள் படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நவநீதன் வந்தார், வந்ததும் பதறினார். கதவில் ரிப்பன் கட்ட வேண்டும். ரிப்பன் வெட்டிய பிறகுதானே முதல் பயணி ஏற முடியும்? அம்மாவைக் கொஞ்சம் கீழே இறக்கினால் நல்லது.

"எங்க உம்மாவ எறக்கினா, ரிப்பனோட சேத்து உங்களையும் வெட்டிருவேன் சார்," என்றாள் ரிஃபானா.

கடைசியில் ஆஸியா உள்ளே இருக்கும்போதே ரிப்பன் கட்டி, வெட்டி, அவள் இன்னும் ஏறவில்லை என்பது போல எல்லோரும் கை தட்டினார்கள். நவநீதன் முக்கால் மணி நேரம் பேசினார். "இந்த வண்டி கொட்டகையை விட்டு வெளியேறுவதைக் காண எனக்கு நெஞ்சு கனக்கிறது," என்று ஆரம்பித்தார். "மூன்று ஆண்டுகளாகக் கண்ணின் மணி போலக் காத்தோம். வெயில் பட்டதில்லை. மழை பட்டதில்லை. மனிதர் பட்டதில்லை. இன்று பயணிகளின் வற்புறுத்தலால் அனுப்புகிறோம்." முடிக்கையில் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, வண்டியின் முன் விளக்கையும் ஒரு முறை துடைத்துவிட்டார். வண்டி ஓடும்போதுதான் குளிர்சாதனம் போடலாம் என்பது விதி. உள்ளே ஆஸியா வேர்த்து நனைந்திருந்தாள்.

இரண்டு பயணிகளுக்குத்தான் அனுமதி. ரிஃபானா கீழே நின்றுகொண்டாள். டிரைவர் மதியழகன் விழிதியூர்க்காரர். கழகத்தில் சேர்ந்து மூன்று வருடமாக வண்டியைத் துடைப்பது தவிர வேறு வேலை செய்யாதவர். அவர் சாவியை முதலில் தப்பான பக்கம் திருகியதை முகைதீன் பிச்சை பார்த்தார்.

"கிளச்ச மெதுவா விடுங்க தம்பி. பின்பக்கம் கனம் ஜாஸ்தி. அவசரப்படாது."

வண்டி கிளம்பிவிட்டது. ஆஸியாவுக்கு வலிக்கான மாத்திரை கொடுத்திருந்தார்கள். கண் சொருகிச் சொருகித் திறந்தது. ஜன்னலில் கடைத்தெரு போயிற்று, அரசலாற்றுப் பாலம் போயிற்று, பச்சை வயல் வந்தது. வாஞ்சூர் நெருங்கும்போது முகைதீன் பிச்சை டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் போர்டத் தாண்டிப் போயிருங்க. நான் ஓட்டிக்கறேன். எதுனாலும் என் தலைமேல போடுங்க."

"பாய், நான் வேணாங்கலை. வண்டி ஒத்துக்காது. ஜிபிஎஸ் வச்சிருக்காங்க. எல்லையத் தாண்டுன பத்தாவது மீட்டர்ல இஞ்சின் தானா நின்னுரும். அப்புறம் புதுச்சேரியிலேர்ந்து ஆளு வந்துதான் தொறக்கணும். அம்மாவ நடுரோட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

எல்லைப் பலகை வந்தது. அதற்கு அப்பால் அதே ரோடு, அதே கறுப்பில், நாகூருக்குப் போய்க்கொண்டிருந்தது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் அந்தப் பக்கம் போனார். இரண்டு ஆடுகள் போயின. மதியழகன் வண்டியைத் திருப்பினார். முகைதீன் பிச்சை எழுந்து பின்னால் வந்து, மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார்.

"ஏங்க," என்றாள் ஆஸியா. தலையை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். "மலை!"

அவர் குனிந்து பார்த்தார். துறைமுகத்துக் களத்தில் கப்பலிலிருந்து இறக்கிய நிலக்கரி குவிந்திருந்தது. நீளமாக, கறுப்பாக, உச்சியில் வெயில் பட்டுக்கொண்டு, வானத்தின் கீழ் அது எழுந்து நின்றது.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து, "ஆமா," என்று வந்தது.

"எவ்ளோ பெரிசு!"

"ஆமா. நல்ல பெரிசு."

மதியழகன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். "இதுல பதினெட்டு வளைவு இருக்கும்மா," என்றார் திரும்பாமலே.

பூவம் போய்த் திரும்பி, மறுபடி வாஞ்சூர் வந்தார்கள். வயல், பாலம், கடைத்தெரு, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள். வண்டியை இரண்டு முறை பார்த்தவர்கள் மூன்றாம் முறை கையசைத்தார்கள். இரண்டாவது முறை கரிக்குவியல் வந்தபோது ஆஸியா, "இந்தா, இன்னொரு மலை," என்றாள். மூன்றாவது முறை, "இது மொதல்ல பாத்ததவிட அழகு," என்றாள். முகைதீன் பிச்சைக்கு உற்சாகம் வந்துவிட்டது. மலைக்கு மலை பேர் வைத்தார். இதில் தேன் எடுப்பார்கள், அதில் பலாப்பழம், அந்த உச்சியில் அருவி, மழைக்கு அப்புறம்தான் தெரியும் என்றார். மஸ்கட்டில் மலைப்பாதையில் ஆடு குறுக்கே வந்து எட்டுப் பிள்ளைகளும் அலறிய கதையைச் சொன்னார். கேசட்டில் சொல்லாத கதைகளையும் சொன்னார். நாலு மாதமாக அவர் இவ்வளவு பேசியதில்லை. ஆஸியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுற்று. கரிக்குவியலின் மேல் மண் அள்ளும் இயந்திரம் ஒன்று ஏறி நின்று, கரியை வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. முகைதீன் பிச்சை அவசரமாக ஜன்னல் திரையை இழுக்கப் போனார்.

"விடுங்க," என்றாள் ஆஸியா.

அவர் கை திரையில் நின்றது.

"நாகூருக்கு எத்தன வாட்டி இந்த வழியாப் போயிருப்பேன். கரிக்குவியல் தெரியாதா எனக்கு?"

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று.

"மொதல்லயே தெரியுமா?"

"வண்டியத் திருப்பினாங்கள்ல, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். பாக்க முடியல. அதான் மலைன்னேன்."

அவர் திரையை விட்டுவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டார். கால் குளிர்ந்திருந்தது, போர்வையை இழுத்து மூடினார். பிறகு முன்பக்கம் பார்த்து, "தம்பி, போதும். ஊட்டுக்குப் போவலாம்," என்றார்.

மதியழகன் மீட்டரைப் பார்த்தார். "போவலாம் பாய். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எரநூத்தி அம்பது ஆவலைன்னா பயணமே நடக்கலைன்னுதான் எழுதுவாங்க. நாளைக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து விண்ணப்பம் போடுங்கம்பாங்க. இல்லைன்னா அம்மாவ அங்க கொட்டாயிலயே உக்கார வச்சு விசாரிப்பாங்க. இன்னும் மூணு சுத்துதான்."

"ஓட்டுங்க தம்பி," என்றாள் ஆஸியா. "சிலுசிலுன்னு நல்லாத்தான் இருக்கு. நான் கொஞ்சம் கண்ண மூடிக்கறேன்." கணவர் பக்கம் திரும்பினாள். "மலை வந்தா எழுப்புங்க."

"கரிதானே புள்ள?"

"இருக்கட்டும். எழுப்புங்க."

ஐந்தாவது சுற்றில் அவர் எழுப்பினார். அவள் கண் திறந்து, ஜன்னலைப் பார்த்து, "ம்... பெரிசுதான்," என்றாள். ஆறாவது சுற்றில் கண்ணைத் திறக்கவில்லை. அவர் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். வயலில் வெயில் சாய்ந்து, தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. மதியழகன் வேகத்தை இருபதுக்குக் குறைத்துவிட்டார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின.

ஏழாவது சுற்றில் வாஞ்சூர் வந்தது. பலகை வந்தது. வண்டி திரும்பிற்று.

எழுப்பக் கையை நீட்டிய முகைதீன் பிச்சை, அவள் தோளைத் தொடாமல், முதலில் விரலை அவள் மூக்கருகே கொண்டு போனார். ஒன்றும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, விரல் நுனியில் லேசாகச் சூடு பட்டது. அது போய், நெடுநேரம் கழித்து, மறுபடி வந்தது.

அவர் விரலை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை வந்தது, போயிற்று.